கொடை இல்லாத செவ்வாய்க்கிழமை

பையின் மூலையில் சுருக்கம் விழாமல் ஜிப்பை வளைத்துத் தைக்கிற ஆட்கள் தாராவியில் ஒரு இருபது பேர் இருக்கலாம். என் பட்டறையில் மாரீஸ்வரி ஒருத்திதான். ஆகவே அவள் குடும்பம் ஊருக்குப் போவதா வேண்டாமா என்று தவித்த கதையை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அவள் போகக் கூடாது என்றுதான் அந்த ஐந்து வாரமும் துவா கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பட்டறை தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்றாவது சந்தில் இருக்கிறது. கீழே நான்கு மெஷின், ரெக்சின் சுருள்கள், நான். இரும்பு ஏணி ஏறினால் மேலே மாரீஸ்வரி குடியிருக்கும் அறை. நடுவில் இருப்பது பலகை மட்டும்தான். மேலே வெங்காயம் வதக்கினால் கீழே எனக்குப் பசிக்கும். மேலே பேச்சு சூடானால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். ஒட்டுக்கேட்பதற்காக அல்ல, மெஷின் ஓடினால் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான்.

மாரீஸ்வரி சயான் ஆஸ்பத்திரியில் பிறந்து இந்தச் சந்திலேயே வளர்ந்தவள். நூல் வெட்டுகிற வேலைக்குத்தான் என்னிடம் வந்தாள். எங்கள் தொழிலில் பெண்களுக்குக் கொடுப்பது அந்த வேலைதான். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது இவள் காலி மெஷினில் உட்கார்ந்து கழிவு ரெக்சினில் தைத்துப் பழகினாள். ஆறு மாதத்தில் ஜிப் வேலை முழுக்க அவள் கைக்குப் போய்விட்டது. நான் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. பேசினால் மாஸ்டர் என்று கூப்பிட வேண்டிவரும், ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

அவள் புருஷன் கணேசபாண்டியன் டிராம்பேயில் ஒரு எண்ணெய் ஆலைக்குள் ஒப்பந்தக்காரரிடம் ரிக்கர். கிரேன் தூக்க வேண்டிய பாரத்துக்கு இரும்புக் கயிறு கட்டுகிற வேலை. சங்கரன்கோவிலுக்கு மேற்கே குமாரங்குறிச்சி அவன் ஊர். பதினாறு வயதில் அங்கிருந்து வந்தவன். மூத்தவள் ஹரிதா மூன்றாம் வகுப்பு. இளையவன் நாலு வயது சுடலைக்கண்ணன், எங்களுக்குக் கண்ணன்.

ஆடி மாதத்தில் ஒருநாள், சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றுகொண்டிருந்த மத்தியானம், மாரீஸ்வரிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. கணேசபாண்டியனின் அக்காள் மாலதி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே பேசுவது இவள் வழக்கம்.

"ஏட்டி மாரி, நம்ம சமுதாயக் கூடத்துல பன்னெண்டு மெஷினு சும்மா கெடக்கு. மகளிர் குழுவுக்குன்னு குடுத்தது. சொல்லிக் குடுக்க ஆளு இல்லாம மூடி வச்சிருக்கோம். இப்ப ராஜபாளையத்துக்காரரு ஒருத்தரு துணிப்பை, ஸ்கூல் பை ரெண்டும் வருசம் பூராவும் எடுத்துக்கிடுதேங்காரு. நீ மாஸ்டரா வந்து நில்லேன்."

மாரீஸ்வரியின் கால் பெடலில் அப்படியே நின்றது.

"நானா மைனி?"

"பின்ன நானா? எனக்கு ஊசில நூல் கோக்கவே கண்ணாடி வேணும். ஆயுத பூசைக்கு மெஷினு ஓடணும். ஆவணி முடியதுக்குள்ள சொல்லிரு. இல்லன்னா சிவகாசிப் பக்கம் ஒருத்தன் இருக்கான், அவனக் கூப்பிட்டிருவோம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் தலையைக் குனிந்து, வெட்டத் தேவையில்லாத ஒரு துண்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே சந்து முழுக்கச் செய்தி பரவியது. பரப்பியது ஹரிதா. தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடிவந்து என் வாசலில் நின்றாள்.

"ஹனீப் மாமா, ஹம் காவ் ஜா ரஹே ஹைன்! ஊருக்கே போறோம். உதர் படா வாலா ஜூலா ஹை, மாலூம்? ராட்டினம்! டெய்லி போலாம்!"

"தினமுமா?"

"டெய்லி! ஐஸ் வண்டி, மேளம், நைட் ஃபுல்லா லைட். மட்டன் காலையிலயும்."

கண்ணன் பின்னால் நின்று "மட்டன், மட்டன்" என்று குதித்தான். மேலே மாரீஸ்வரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். பத்து நாளாகத் துணி காயாத எரிச்சல்கூட அன்றைக்கு அவளிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லி மேலேயிருந்து கூப்பிட்டார்கள். பம்பாய்க்காரர்கள் பொரித்துச் சாப்பிடுகிற பொம்பில் மீனைத் தேங்காய் அரைத்து விட்டுத் திருநெல்வேலிக் குழம்பாக வைப்பாள் மாரீஸ்வரி. மராத்திக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். எனக்கு மூன்று கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். என் மனைவி மர்யம் வறுத்த கறியை டப்பாவில் கொடுத்து அனுப்பியிருந்தாள். நான்கு பேர் உட்காருகிற தரையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம்.

கணேசபாண்டியன் இரண்டு நாளாக ஒன்றும் சொல்லாமல் இருந்தான். இப்போது முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டான்.

"மாரி, நீ எத்தன மட்டம் ஊருக்குப் போயிருக்கே?"

"பத்து, பன்னெண்டு மட்டம் இருக்கும். ஏன்?"

"எப்ப எப்ப?"

"கொடைக்குத்தான். வருசா வருசம் மே மாசம் போறோம்லா."

"கொடை இல்லாம ஒரு தடவ?"

அவள் யோசித்தாள். "நம்ம கல்யாணம் இங்கன. ஒங்க அப்பா தவறுனதும் இங்கன வச்சுத்தான்." கொஞ்சம் நிறுத்தி, "போனது இல்ல," என்றாள்.

வடக்கேயிருந்து பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது. கொடை என்றால் அவர்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா, செவ்வாய்க்கிழமைதான் முக்கிய நாள். தாராவியிலிருக்கும் குமாரங்குறிச்சிக்காரர்கள் அத்தனை பேரும் வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் ஊரைப் பார்ப்பார்கள். பந்தலும் மேளமுமாகப் பார்த்து, அதுதான் ஊர் என்று மனதில் எழுதிக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள். நானும் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. எனக்கும் கடையநல்லூர் என்றால் பெருநாள்தான். பெருநாள் இல்லாத கடையநல்லூரை நான் கண்டு முப்பது வருஷமாகிறது.

"நம்ம தெருவுல எத்தன வீடு?" என்றான் கணேசபாண்டியன்.

மாரீஸ்வரி விரலை மடக்கினாள். "நாப்பது."

"எத்தன வீட்ல அடுப்பு எரியும்?"

"நாப்பதுலயும்."

"பதினொண்ணு," என்றான். "மிச்சமெல்லாம் பூட்டு. நம்மள மாதிரி ஆளுக பூட்டுன பூட்டு. பம்பாய், திருப்பூரு, துபாயி. கொடைக்குக் கால்நாட்டுன அன்னைக்குத் திறப்பாவ, சாமி மலையேறுன மறுநாளு பூட்டுவாவ. அதுக்கப்புறம் அங்கன ஒரு மனுசன் தும்முனா அடுத்த தெருவுல கேக்கும்."

"ராட்டினம்?" என்றாள் ஹரிதா.

"அது சங்கரங்கோயில்காரன் லாரில கொண்டாறது. பத்து நாள்ல கழத்திக் கொண்டு போயிருவான்."

ஹரிதா சோற்றில் கையை வைத்தபடி அப்பாவையே பார்த்தாள். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் அல்லவா. அழவில்லை. தட்டை மட்டும் தள்ளி வைத்தாள்.

"பிள்ளைக்கிட்ட ஏன் இப்படிச் சொல்லுதீங்க?" என்றாள் மாரீஸ்வரி.

"உள்ளதச் சொல்லுதேன். காலைல ஆறு மணிக்கு ஒரு பஸ்ஸு. அத விட்டா பதினோரு மணி. எங்கூடப் படிச்சவன் எவனும் அங்கன இல்ல. இருக்கவனும் என்ன என் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டான், எங்கப்பா பேரச் சொல்லி அவரு மவனேன்னுதான் கூப்பிடுவான். இங்கன கேட்ல செக்யூரிட்டிகூட பாண்டியன்ங்கான்."

நான் உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். இவ்வளவு பொருத்தமாக நானே பேசியிருக்க முடியாது. இன்னும் ஒரு கரண்டி குழம்பு விட்டுக்கொண்டேன்.

மாரீஸ்வரி ஹரிதா தள்ளிவைத்த தட்டை அவள் முன்னால் திருப்பி வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "சரி. அப்ப கொடை இல்லாத ஊர ஒருக்கா பாத்துட்டு வாரேன். பாத்துட்டுச் சொல்லுதேன்."

கணேசபாண்டியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செவ்வாக்கெழம பாத்துப் போ. கொடைச் செவ்வாதான பாத்திருக்கே. சும்மாச் செவ்வாயையும் பாரு. நாலு நாளு உன்னால இருக்க முடியாது."

"இருந்து காட்டுதேன்."

பிள்ளையார் சதுர்த்திக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டார்கள். மே மாதத்தில் தவம் கிடந்தாலும் கிடைக்காத திருநெல்வேலி வண்டிக்கு இப்போது கேட்டவுடன் டிக்கெட் கிடைத்தது. பம்பாய் முழுக்கக் கொட்டு முழங்கிக்கொண்டிருக்கையில், இவள் ஒன்றுமே நடக்காத ஒரு ஊரைப் பார்க்க மாகிம் அல்வாவும் காரி பிஸ்கட்டும் வாங்கிப் பையில் அடுக்கினாள்.

சந்தில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். தேங்காய்க்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "யாரு தாயி தவறுனது?" என்றார். தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள், "ஒங்க மாமனாருக்கா?" என்றார்கள். மாமனார் போய் ஒன்பது வருஷமாகிறது.

"யாரும் சாகல. சும்மாதான் போறேன்."

"சும்மாவா?"

கேட்டவர்கள் நம்பவில்லை என்பது அவர்கள் போன விதத்திலேயே தெரிந்தது. சாவு, கல்யாணம், கொடை. இந்த மூன்றும் இல்லாமல் தாராவியிலிருந்து ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு, புருஷன் இல்லாமல் ஊருக்குப் போகிறாள் என்றால் அதற்கு நாலாவதாக ஒரு அர்த்தம்தான் உண்டு. எங்களுக்கு அது அப்போது புத்திக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தாள். இறங்கின கையோடு ஹரிதா ராட்டினம் நின்ற பொட்டலுக்கு ஓடியிருக்கிறாள். வேலிமுள் காடாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். இதைச் சொல்லிவிட்டு, "மிச்சத்த வந்து சொல்லுதேன்," என்று மாரீஸ்வரி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் "நல்லாருக்கோம், வந்து சொல்லுதேன்" என்பதோடு சரி. கணேசபாண்டியன் வேலைக்குப் போவதும் வருவதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தான். என் பட்டறையில் ஜிப் இல்லாத பைகள் மலையாகக் குவிந்தன. மற்ற மெஷின்காரன் ஒருவனைத் தைக்கச் சொன்னேன். தைத்த இரண்டையும் நானே பிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. கணேசபாண்டியன் டிராம்பேயிலிருந்து வந்து என் பட்டறை வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று பேர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவர் பூதத்தான். கிராஸ் ரோட்டில் மாவு அரைக்கிற கடை வைத்திருக்கிறவர், குமாரங்குறிச்சிக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். மேலே ஏணி ஏறிப் பேச முடியாது என்று என் ரெக்சின் சுருள்களின் மேல் உட்கார்ந்தார்கள்.

"ஏ கணேசா," என்றார் பூதத்தான், மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். "எத்தன நாளா நடக்கு?"

"என்னது அண்ணாச்சி?"

"குடிக்கியாடே?"

"நானா?"

"அடிச்சியா? மறைக்காதே. ஊர்ல இருந்து நாலு போன் வந்துட்டு. மருமவ ரெண்டு பிள்ளையளத் தூக்கிக்கிட்டு வந்து நிக்காளாம். கேட்டா 'சும்மா வந்தேன்'ங்காளாம். பொம்பளையளுக்கு மனசு கேக்கல. பாவம், வாயத் திறந்து ஒன்னக் குத்தம் சொல்ல மாட்டேங்காளாம். நல்ல பிள்ளடே அது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கத்தரிக்கோலைக் கீழே போட்டு, அதை எடுக்கிற சாக்கில் மெஷினுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, அவ ஊரப் பாக்கப் போயிருக்கா."

"கொடை இல்லாம ஊர்ல என்னத்தடே பாக்க?"

"அதத்தான் பாக்கப் போயிருக்கா!" என்று கத்தினான். பிறகு மாலதி போன் செய்ததையும் பன்னிரண்டு மெஷினையும் சொன்னான். மூன்று பேரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பூதத்தானுக்குப் பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பொஞ்சாதி வேல பாப்பா, இவன் மூட்டையக் கட்டிக்கிட்டுப் பின்னால போவான். நல்லாருக்குடே."

"மாஸ்டரா?" என்றார் பூதத்தான். "அந்தப் பிள்ள இங்கன நூல் வெட்டுதுலா? நூல் வெட்டுத பிள்ள எப்படிடே மாஸ்டராவும்? மாலதிக்குத்தான் வெவரம் இல்லன்னா ஒனக்குமா?"

கணேசபாண்டியனின் முகம் மாறியது. நாலு வாரமாகப் போகக் கூடாது என்று வாதாடியவன் இவன்தான். ஆனால் அதை இன்னொருவர் சொல்லும்போது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என் பொண்டாட்டிய என்னன்னு நெனச்சீங்க? இந்தா பாய் இருக்காரு, கேளுங்க. பாய், நீங்க சொல்லுங்க. அவ நூல் வெட்டுதாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து டீ கொண்டுவந்த மர்யமும் வாசலில் நின்றிருந்தாள். "ஆமா, ஏதோ தைப்பா" என்று சொல்லிவிட்டால் போதும். சங்கம் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடும். கணேசபாண்டியன் அவமானத்தில் வாயை மூடிக்கொள்வான். மாரீஸ்வரி எனக்குத் தங்குவாள். இதெல்லாம் என் மண்டையில் ஓடியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சுவரில் மாட்டியிருந்த ஒரு பையை எடுத்துப் பூதத்தான் மடியில் வைத்தேன். "திறந்து மூடுங்க அண்ணாச்சி."

அவர் ஜிப்பை இழுத்தார். மூலையில் திரும்பித் தடையில்லாமல் ஓடியது. மறுபடி இழுத்தார்.

"இந்த மூலையத் தச்சது அவ. இத மாதிரித் தைக்க எனக்கு வராது," என்றேன். "முப்பது வருசமாப் பட்டறை வச்சிருக்கேன். வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், வராது. அவ மாஸ்டர்தான். நான்தான் அவளக் கூப்பிடல."

மர்யம் டீயை நீட்டிக்கொண்டே, "இப்பவாவது வாயில வந்துச்சே," என்றாள். பூதத்தான் டீயைக் குடித்து முடிக்கும்வரை அந்த ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். போகும்போது, "எதுன்னாலும் யோசிச்சுச் செய்யிடே," என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போனபிறகும் கணேசபாண்டியன் எழுந்திருக்கவில்லை. பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மூலையைத் தடவிப் பார்த்தான்.

"நெசமாவா பாய்? ஒங்களுக்கு வராதா?"

"வராதுடா."

"நான் அவ தச்சுப் பாத்ததே இல்ல பாய். காலைல ஆறு மணிக்குப் போறேன், வரும்போது அவ அடுப்புல நிக்கா. பதினோரு வருசமாச்சு."

மறுநாள் ஆலையில் மூன்று மாதத்துக்கான கேட் பாஸ் புதுப்பிக்கிற நாள், அது இல்லாமல் உள்ளே வேலை இல்லை. எல்லாரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். இவன் போடவில்லை. அதை வெள்ளிக்கிழமை காலையில், தாதருக்கு மாரீஸ்வரியை அழைக்கப் போகிற டாக்ஸியில்தான் என்னிடம் சொன்னான். பிள்ளையாருக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டிருந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம், சந்தோஷம் தாங்காமல் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான்.

"மாரிகிட்ட இன்னும் சொல்லல. நேர்ல சொல்லணும். அவ மூஞ்சியப் பாக்கணும் பாய்."

மழையில் வண்டி தாமதமாகிப் பதினோரு மணிக்குத்தான் வந்தது. பெட்டி நிற்பதற்குள் ஜன்னல் கம்பி வழியே கண்ணனின் கை தெரிந்தது. பிள்ளைகள் இரண்டும் வெயிலில் கறுத்து, தலையெல்லாம் செம்மண்ணாக இறங்கினார்கள்.

"அப்பா, ஆடு என்ன முட்டிட்டு!" என்றான் கண்ணன், ஏதோ பரிசு வாங்கியவனாக. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

"மாமா, ஜூலா நஹீ ஹை," என்றாள் ஹரிதா என்னிடம். "லேகின் கெணறு இருக்கு! நான் டியூபக் கட்டிக்கிட்டுக் குதிச்சேன். நாலு தடவ! பயமே இல்ல!"

மாரீஸ்வரி கடைசியாக இறங்கினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கணேசபாண்டியன் பையை வாங்கிக்கொண்டு, "எப்படி? இருந்து காட்டிட்டியே," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நாம போக வேண்டாம் அத்தான்."

அவன் கையில் பை அப்படியே நின்றது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குதியாட்டம். அதை அடக்கிக்கொண்டு கண்ணனைத் தூக்கிக்கொண்டேன்.

"பிடிக்கலையா?" என்றான்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. பதினோரு வீடு. காத்து எப்படி அடிக்குங்கிய, சோத்து வட்டில மூடிக்கிட்டே திங்கணும். மொத நாளு எனக்கு அழுக வந்துட்டு. வார பொம்பளை எல்லாம் என் கையப் பிடிச்சு, 'அழாத தாயி, எல்லா ஆம்பளையும் அப்படித்தான்'ங்கா." அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. "செவ்வாக்கெழம மைனி கூடத்தத் திறந்துவிட்டாவ. மெஷினு டிராயருக்குள்ள பல்லி முட்ட. எண்ண விட்டுத் தொடச்சு ஓட்டிப் பாத்தேன். ஓடிட்டு அத்தான்! சத்தம் கேட்டு ஒவ்வொருத்தியா வந்தா. சாயங்காலத்துக்குள்ள ஒம்போது பேரு. அதுல நாலு பேரு நேரா தச்சுட்டா. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறே எறங்கல, அவ்வளவு சந்தோசம்."

"அப்புறம் என்னட்டி?"

அவள் அவன் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பஸ் ஸ்டாப்புல ஆம்பளைய உக்காந்திருக்காவ. காலைல உக்காந்தா பொழுதடையது வரைக்கும். மைனி ஒவ்வொருத்தரா காட்டுனாவ. இவரு துபாய்ல வெல்டரு, அவரு சூரத்துல மெக்கானிக்கு, திரும்பி வந்துட்டாவன்னு. ஒங்க வயசுதான். ஒங்கள அங்கன உக்கார வச்சுப் பாத்தேன். என்னால முடியல. நான் மாஸ்டராயிட்டு நீங்க அங்கன உக்காரணுமா? வேண்டாம்."

கணேசபாண்டியன் பையைக் கீழே வைத்தான். "நான் பாஸ் போடல."

"என்ன பாஸு?"

"கேட் பாஸு. புதன்கெழம கையெழுத்து. போடல. ஆயுத பூசைக்கு ஊருக்குப் போறோம்னு காண்ட்ராக்டருகிட்ட சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?" மாரீஸ்வரியின் குரல் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த?"

"நீ யாரக் கேட்டு வேண்டாம்னே?"

"நான் ஒங்களுக்காகச் சொன்னேன்!"

"நான் ஒனக்காகப் போடல!"

சுமை தூக்குகிறவர் ஒருவர் தலையில் மூன்று பெட்டியோடு, "பாஜூ ஹோ, பாஜூ ஹோ" என்று வழி கேட்டுக் கத்திக்கொண்டு இருவருக்கும் நடுவே போனார். அவர் கடந்து போனதும் பார்க்கிறேன், மாரீஸ்வரி அழுதுகொண்டே சிரிக்கிறாள். இவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

"எனக்கு அந்த ஊரு பிடிக்காது மாரி," என்றான். "இன்னைக்கும் பிடிக்காது, நாளைக்கும் பிடிக்காது. பஸ் ஸ்டாப்புல உக்காரவும் மாட்டேன். கயத்தாறுல கரண்டு எடுக்குத காத்தாடிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எறக்கை மாட்டக் கிரேன் வருதுல்லா, ரிக்கர் வேணுமான்னு. வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நேர்ல வரச் சொன்னான். கெடைக்கலன்னா வேற பாப்பேன். ஆனா நீ ஒம்போது பேருக்கு நடுவுல நின்னு சொல்லிக் குடுக்கத நான் பாக்கணும். அது இங்கன நடக்காது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேப்பேன்."

இருந்துவிடு தாயி என்கிற வார்த்தை ஐந்து வாரமாக என் வாயில் தயாராக இருந்தது. தீபாவளிக்கு முன்னால் முடிக்க வேண்டிய பைகள் கண்ணில் வந்தன. கண்ணன் என் தோளில் உட்கார்ந்து காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"போம்மா," என்றேன். "சிவகாசிக்காரனுக்கு விட்டுக் குடுத்துராத."

பாலத்தின் படிகளில் ஏறினோம். வெளியே ரோட்டில் எங்கோ பிள்ளையாரை எடுத்துப் போகிற கொட்டு. பாதிப் பாலத்தில் மாரீஸ்வரியின் போன் அடித்தது. மாலதி. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, போய்ச் சேந்துட்டியா? பிள்ளையளுக்கு மேலு நல்லாருக்கா?"

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். எனக்கும் கேட்டது. மாலதியின் குரலுக்குப் பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவள் கிளம்பி வந்த பிறகும் அந்தப் பெண்கள் பூட்டைப் போடவில்லை.

"மைனி, டப்பு டப்புனு ஒண்ணு அடிக்கே, எந்த மெஷினு?"

"எது? தெரியலயே. நம்ம கடைசில கெடக்கதா?"

"அதுல பெல்ட்டு லூசா இருக்கு. நிறுத்தச் சொல்லுங்க. அறுத்து ஒரு விரக்கட குறச்சு மாட்டணும். அவளுகளா மாட்டிர வேண்டாம், வீலு திரும்பிக்கிடும். அப்படியே போட்டு வைங்க, நான் வந்து மாட்டிக்கிடுதேன்."

"வந்து மாட்டுதியா?" என்றாள் மாலதி. "ஏட்டி மாரி, அப்ப வாரியா?"

மாரீஸ்வரி கணேசபாண்டியனைப் பார்த்தாள். அவன் இரண்டு பையையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டு, போனுக்குக் கிட்டே குனிந்து, "வாரோம்க்கா, எல்லாரும் வாரோம்," என்றான்.

போனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதற்குப் பிறகு எழுந்த கூச்சலுக்குப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது பேர் என்றுதான் மாரீஸ்வரி சொல்லியிருந்தாள். எனக்கு அது ஊரே திரண்டு கத்தியதாகக் கேட்டது.